தோளில் வந்த சோறு

மேடானில் இருந்துகொண்டு பாண்டியன் மதுரைத் தெருக்களை நினைத்துப் பார்க்கும் பக்கங்களை, மதுரையில் இருந்துகொண்டு நான் பலமுறை படித்திருக்கிறேன். பாண்டியன் நாயகனாக வரும் அந்த நாவல், ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’, 1972இல் புத்தகமாக வந்தது. சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் கப்பலேறி, சுமத்ராவின் மேடான் நகரத்தில் வட்டிக்கடை வேலைக்குச் சேர்ந்தவர் சிங்காரம். போர் முடிந்தபின் திரும்பி வந்து மதுரை தினத்தந்தியில் நெடுங்காலம் வேலை பார்த்தார். ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியாளாகவே வாழ்ந்தார். 1997 டிசம்பரில் காலமானார். அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் நாவலை மூடி வைக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். மேடானில் இருக்கும் மனம் மதுரைக் கடைவீதியை அப்படி நினைத்தது என்றால், மதுரைக்குத் திரும்பிய மனிதர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபோது அவர் நாக்கு எந்தக் கரையை நினைத்திருக்கும்?

அந்தக் கேள்விதான் என்னைத் திருச்சியில் விமானம் ஏற வைத்தது. கோலாலம்பூரில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் ஈப்போ, பிறகு பட்டர்வொர்த், கடைசியில் படகில் பினாங்கு. கோயில் குளம் பார்க்கப் போகிறவர்கள் ஊர்ப் பட்டியல் வைத்திருப்பதுபோல நான் பண்டப் பட்டியல் வைத்திருந்தேன். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. எண்ணெய் பரோட்டாவுக்கு விருதுநகர், பால்கோவாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், சேவுக்குச் சாத்தூர், கடலைமிட்டாய்க்குக் கோவில்பட்டி என்று பஸ் மாறிப் போய் வாங்கி வரும் சனம் நாங்கள். குற்றாலம் போனால் அருவிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோமோ அவ்வளவு நேரம் பிரானூர் பார்டர் பரோட்டாவுக்கும் ஒதுக்குவோம். ஒரு பண்டத்தை அது பேர்வாங்கிய ஊரில் போய் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு.

ஈப்போவிலும் அதே கணக்கு ஓடுகிறது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுக்க வந்த கான்டோனியரும் ஹக்காக்களும் வளர்த்த ஊர் அது. அங்கே கோழியும் பயறு முளையும் ஒரு பண்டம். கோழியை மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்து வெட்டி, மேலே கொஞ்சம் சோயாச் சாறும் எண்ணெயும் விடுகிறார்கள். பச்சைப்பயறு முளையைக் கொதிநீரில் முக்கி எடுத்து, வெள்ளை மிளகுத்தூள் தூவித் தனித் தட்டில் வைக்கிறார்கள். கூடவே பட்டையான அரிசி நூடுல்ஸ். அவ்வளவுதான். மிளகாயும் சீரகமும் தேடி அலைந்த என் மதுரை நாக்கு முதல் நாலு வாய்க்கு ஏமாந்தே போனது. பிறகு முளையைக் கடித்தேன். குட்டையாக, கொழுகொழுவென்று, கடித்த இடத்தில் தண்ணீர் தெறித்தது. ஊரில் நாம் பார்க்கும் நீண்டு மெலிந்த முளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கடைக்கார அம்மாள் ஊரைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகளைக் கைகாட்டினார். அந்த மலைத் தண்ணீர்தான் காரணமாம். ஈப்போ முழுக்க இதையே சொல்கிறார்கள். மணப்பாறையில் முறுக்குக்குச் சொல்லும் காரணமும் தண்ணீர்தான்.

தண்ணீருக்குப் பங்கு உண்டு என்பதை நம்புகிறேன். ஆனால் அந்தக் கடையில் நான் பார்த்தது வேறு. முளையைக் கொதிநீரில் விட்டவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை. பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே இருந்தவர் கை ஒரு நொடியில் தானாக மேலே வந்தது. அதற்கு மேல் கிடந்தால் முளை வாடும், முன்னாலேயே எடுத்தால் பச்சை வாசம் அடிக்கும். அந்த நொடியைக் கைக்குச் சொல்லிக்கொடுக்க எத்தனை வருடம் அந்த அடுப்படியில் நின்றிருக்க வேண்டும்! ஊரின் பேரில் வழங்கும் ருசிகளில் பெரும்பங்கு இப்படிப்பட்ட கைகளுடையது. தண்ணீரையும் மண்ணையும் சொல்வது நமக்குச் சுலபமாக இருக்கிறது, ஏனென்றால் அவை கூலி கேட்பதில்லை.

பினாங்கில் மூன்று நாள் இருந்தேன். 1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிடித்த தீவு. அதன் ஜார்ஜ் டவுன் நகரம் 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடங்களுக்கும் பல இனத்தார் சேர்ந்து வாழும் மரபுக்கும் கிடைத்த பெருமை அது. ஆனால் கூட்டம் நிற்பதென்னவோ வண்டிக்கடைகள் முன்னால். ஆயர் ஈத்தாமில், கெக் லோக் சி பௌத்தக் கோயில் இருக்கும் மலையடிவாரத்தில், அசாம் லக்சா சாப்பிட்டேன். மீனை வேகவைத்து உதிர்த்துக் கரைத்த புளிச்சாறு, அதில் தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே புதினா, வெங்காயம், அன்னாசி, இஞ்சி வகையைச் சேர்ந்த ஒரு பூவின் மொட்டு. ஒரு கரண்டி இறால் விழுதும் உண்டு. மலாய் மொழியில் ‘அசாம்’ என்றால் புளிப்பு. முதல் மடக்கில் எனக்கு ஞாபகம் வந்தது வீட்டு அயிரைமீன் குழம்பு. மறுநாள் மீந்த குழம்பில் புளியும் மீனும் ஒன்றாகிவிட்டிருக்குமே, அந்த ருசி. பிறகு அந்தப் பூவின் வாசம் வந்து, இது உன் வீடு இல்லை என்று நினைவூட்டியது. இரண்டும் ஒரே கிண்ணத்தில்.

சார் கொய்த்தியாவ் என்பது பட்டை அரிசி நூடுல்ஸை இறால், சிப்பி, முட்டை, முளையோடு பெருந்தீயில் பிரட்டுவது. ‘சார்’ என்றால் பிரட்டி வறுப்பது. பழைய கடைகளில் பன்றிக் கொழுப்பில் செய்வார்கள், சாப்பிடாதவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் நின்ற கடையில் கரி அடுப்பு. ஒரு தடவைக்கு ஒரு தட்டுதான் போட்டார் அந்தக் கிழவர். பின்னால் இருபது பேர் நின்றாலும் ஒரு தட்டுதான். இரண்டு தட்டுக்கானதைச் சேர்த்துப் போட்டால் சட்டியின் சூடு இறங்கிவிடும், நூடுல்ஸ் வறுபடாமல் வெந்துபோகும். அந்தச் சட்டியைப் பார்த்ததும் எங்கள் அப்பத்தா நினைவு வந்தது. அவர் முறுக்கு சுடும் வளைந்த இரும்புச் சட்டியைச் ‘சீனச்சட்டி’ என்றே சொல்வார். காபிக்குப் போடுவது ‘சீனி’. சென்னைக்காரர்கள் சர்க்கரை என்று சொல்வதை நாங்கள் இன்றும் சீனி என்றுதான் சொல்கிறோம். எங்கள் அடுப்படியில் சீனா எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது. அது வந்த வழியும் தெரியாத வழி இல்லை. ராமநாதபுரம் பக்கம் பெரியபட்டினத்தில் தோண்டியபோது பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. ஆய்வு செய்தவர்களில் ஒருவர் ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா. பாண்டியர் காலத்துக் கடலோரத்துக்கும் சீனத் துறைமுகங்களுக்கும் இடையே தட்டும் கிண்ணமும் போய் வந்த காலம் அது. நாம் பீங்கான் என்கிறோம். மலாய்க்காரர் சாப்பாட்டுத் தட்டைப் ‘பிங்கான்’ என்கிறார்கள்.

அந்தப் பிங்கானில் நாசி கண்டார் வந்தது. நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் காவடிபோலத் தடி வைத்துச் சுமப்பது. கடையநல்லூர், ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் தடியின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறுமுனையில் குழம்புச் சட்டிகளும் தொங்கவிட்டு, பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு விற்றார்கள். தோளிலிருந்து அந்தத் தடி இறங்கிப் பல காலம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் தடியை விடவில்லை. கேம்பல் தெருவில் இருக்கும் ஹமீதியா உணவகம் 1907இல் முகமது தம்பி ராவுத்தர் தொடங்கியது. அவர் பெயரிலேயே தமிழ் மண் தெரிகிறது. சூலியா தெரு, கப்பித்தான் கெளிங் பள்ளிவாசல், நாகூர் தர்கா என்று அந்த வட்டாரம் முழுக்கத் தமிழ்க் கரையின் பெயர்கள். சூலியா என்ற பழைய சொல் சோழ நாட்டின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள்.

சின்னக் கடை ஒன்றில் உட்கார்ந்தேன். சோற்றின்மேல் ஐந்தாறு குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள். மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. நிறைய வேண்டுமென்றால் ‘பஞ்சீர்’ என்று கேட்க வேண்டும், வெள்ளம் என்று பொருள். சால்னாவில் பரோட்டாவை மூழ்கடித்துச் சாப்பிடும் ஊர்க்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லாவில் இருந்த பெரியவர் என் கை பிசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“மதுரைங்க, பாய்.”

“அப்படிச் சொல்லுங்க. நமக்குக் கடையநல்லூரு. வாப்பா கப்பல்ல வந்தது. காலையில பசியாறுனீங்களா, இதுதான் முதல் சாப்பாடா?”

பசியாறுதல் என்ற சொல்லைக் கேட்டு எத்தனை வருடம் ஆகிவிட்டது! எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலும் செட்டிநாட்டிலும் இன்னும் புழங்குகிறது. மலேசியத் தமிழர்கள் எல்லோருமே காலை உணவை அப்படித்தான் சொல்கிறார்கள். டிபன் என்ற வார்த்தை நம்மிடம் வந்து அதைத் தள்ளிவிட்டது. பெரியவரின் வாப்பா வந்தது ‘ரஜூலா’ கப்பலில். 1926இல் ஓடத் தொடங்கி, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகள் வரை போய் வந்த கப்பல். ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். கடையநல்லூர்த் தறிக்காரர்கள் மற்றவர்களைப்போல ஆண்கள் மட்டும் போகவில்லை, குடும்பத்தோடு போனார்கள். வீட்டுக்கார அம்மாவும் கூடப் போனதால் வீட்டுக் குழம்பும் கூடவே போனது என்று பெரியவர் சொன்னார்.

ஆனால் என் தட்டில் இருந்தது கடையநல்லூர்க் குழம்பா? அதைத்தான் யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். கறுத்த நிறத்தில் ஒரு மாட்டிறைச்சி வைத்திருந்தார். அதன் பெயரில் ‘கீச்சாப்’ சேர்ந்திருந்தது. கீச்சாப் என்பது ஹொக்கியன் சீனர்களிடமிருந்து வந்த சொல், மலாயில் சோயாச் சாற்றைக் குறிக்கும். பட்டையும் அன்னாசிப்பூவும் தட்டிப்போட்டு நம் ஊர்ப் பக்குவத்தில் வதக்கிய கறியில் சீனர் சாறு ஊற்றி, அதற்கு மலாய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே மீ கோரிங். ‘மீ’ சீனம், ‘கோரிங்’ மலாய், பிரட்டுகிறவர் தமிழர். மஞ்சள் நூடுல்ஸோடு உருளைக்கிழங்கும் சோயாக்கட்டியும் அரைத்த மிளகாயும் போட்டுக் கிளறி, எலுமிச்சங்காய் பிழிகிறார். இந்தக் கடைகளை ‘மாமாக்’ கடை என்கிறார்கள், நம் மாமா என்ற சொல்லிலிருந்து வந்தது. மலாய்க்காரர்களுக்குக் கடையே ‘கெடாய்’தான், கறி ‘காரி’, அப்பம் ‘அப்பாம்’. டீயை ஆற்றி ஆற்றி நுரைக்க வைத்துக் கொடுப்பதைத் ‘தே தாரிக்’ என்று நாட்டின் அடையாளமாகவே வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் கலப்பு என்று சொல்லிக் கடந்துபோவது எனக்குப் பிடிக்கவில்லை. கலப்பு என்றால் யாரோ வேண்டுமென்றே கலந்ததுபோல இருக்கிறது. துறைமுகத்தில் சீனக் கூலியும் மலாய்ப் படகோட்டியும் தமிழ் மூட்டைக்காரரும் ஒரே நேரத்தில் பசித்து நின்றார்கள். மூன்று பேருக்கும் பிடித்தால்தான் தடியை இறக்கும்போது பானை காலியாக இருக்கும். மீந்ததைத் திரும்பத் தோளில் தூக்கிப் போகிறவனுக்கு மறுநாள் அரிசி வாங்கக் காசு இருக்காது. நாசி கண்டாரின் ருசி அந்தக் கணக்கிலிருந்து வந்தது.

மூன்றாம் நாள், மாட்டுவண்டிச் சக்கரம் தேய்த்த தடம்போல என் மனதில் அழுத்திவிட்ட ஒன்றைக் கேள்விப்பட்டேன். பினாங்கின் பேர்பெற்ற பண்டங்களைச் சாலையோரக் கடைகளிலும் அங்காடிகளிலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சமைக்கக் கூடாது என்று மாநில அரசு 2016 முதல் விதி வைத்திருக்கிறது. எடுபிடிக்கு இருக்கலாம், கரண்டி பிடிக்கக் கூடாது. லக்சாவும் சார் கொய்த்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. கிழவர்கள் ஓய்ந்துபோனார்கள், பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், கடையில் மியான்மர், வங்கதேசப் பையன்கள் நின்று சமைக்கிறார்கள், ருசி போய்விட்டது என்பது புகார். அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்தக் கரி அடுப்புக் கிழவருக்குப் பிறகு யார் ஒரு தட்டு ஒரு தட்டாகப் போடுவார்கள் என்று நானும்தான் நினைத்தேன். ருசி அழிவதும் ஒரு மொழி அழிவதைப் போன்ற இழப்பு.

இருந்தாலும் அந்த விதி தவறு. ஃபூஜியனிலிருந்து வந்தவரும் கடையநல்லூரிலிருந்து வந்தவரும் ஆக்கிய பண்டங்களை இந்த ஊரில் பிறந்தவர்தான் தொட வேண்டும் என்று சொல்வது, முதல் சட்டியை ஏற்றி வைத்தவர்களின் பாஸ்போர்ட்டைப் பிடுங்குவதுபோல. முளையை எடுக்கும் நொடி பிறப்பில் வருவதில்லை. பத்து வருடம் நிற்கவிட்டால் யாங்கோன் பையனின் கைக்கும் வரும். ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்து, மாற்றி மாற்றி வேறு கடைக்கு அனுப்பப்படுகிற பையனுக்கு வராது. ருசியைக் கெடுப்பது அவசரமும் குறைந்த கூலியும். மாமாக் கடைக்காரர்கள் ஆளில்லாமல் தவிப்பதாகப் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுக்க வேண்டுமென்றாலும் அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கிறது என்று கடையநல்லூர்ப் பெரியவரும் சொன்னார். சொல்லும்போது அவர் கை கல்லாவை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தது. “எங்க வாப்பாகிட்ட அப்ப யாரும் பெர்மிட் கேக்கல, தம்பி” என்றார்.

திரும்பி வந்த பிறகு எங்கள் ஊரை எனக்கு வேறு மாதிரி பார்க்க வேண்டியதாயிற்று. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கிறவர்கள் அந்தப் பெயரின் உருதுவை நினைப்பதில்லை. அது மதுரை, அவ்வளவுதான். நோன்புக் காலத்தில் கோரிப்பாளையத்தில் துண்டு போட்டு விற்கும் கடல்பாசியை ‘அகர் அகர்’ என்றும் சொல்வோம், அது மலாய்ச் சொல். மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கி எடுக்கும் பாசியைக் காய்ச்சி அகர் ஆக்கும் ஆலைகள் மதுரைப் பக்கம்தான் இருக்கின்றன. காரைக்குடிக் கல்யாணத்தில் இனிப்பாகப் போடும் கவுனி அரிசி, பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தாரோடு வந்தது. பினாங்கில் அதே கறுப்பு ஒட்டரிசியைத் தேங்காய்ப்பாலில் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்தார்கள், கிண்ணத்தைப் பார்த்ததும் யாரோ நம் வீட்டு விசேஷத்தில் கொடுத்ததுபோல இருந்தது. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்குப் பேர்போன கடையின் பெயரே பர்மா கடை. மதுரையின் தெருமுனைகளில் ராத்திரி தீ எழும்பும் ஃபாஸ்ட் ஃபுட் வண்டிகளில் இருப்பதும் அதே சீனச்சட்டிதான். கல்கத்தாவின் ஹக்காக் குடும்பங்கள் வளர்த்த சமையல் நூறு கை மாறி இங்கே வந்து, கறிவேப்பிலை போட்ட சிக்கன் ரைஸாக நிற்கிறது. அவர்களைப் போன்ற இந்தியச் சீனர்களைத்தான் 1962 சீனப் போரின்போது பிடித்து ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தோம். அவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள்.

சிங்காரம் ராத்திரியில் எதை நினைத்துச் சாப்பிட்டார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் அவர் அன்று நடந்த தெருக்களில் இன்று பரோட்டாக் கல்லுக்குப் பின்னால் நிற்கிறவர்களை உற்றுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். தெற்குவாசலில் நான் வழக்கமாகப் போகும் கடையில் மாவை வீசுகிற பையன் அசாமிலிருந்து வந்தவன். வந்த புதிதில் அவன் வீசிய பரோட்டா கிழிந்தது, பக்கத்தில் நின்ற உசிலம்பட்டி மாஸ்டர் வைது வைதுதான் பழக்கினார். இப்போது வீச்சு கண்ணாடிபோல விரிகிறது. கல்லிலிருந்து எடுத்து அடுக்கி இரண்டு கையாலும் அடித்து உதிர்க்கும்போது கேட்கிற சத்தம் மாஸ்டர் சத்தமேதான். ‘இந்திக்காரன் போட்டா நம்ம பரோட்டா மாதிரி வருமா’ என்று அதே கடை வாசலில் நின்று பேசுகிறவர்களையும் கேட்டிருக்கிறேன்.

பினாங்கு போகிறவர்கள் நாசி கண்டார் கடையில் கல்லாவில் இருப்பவரிடம் தமிழில் பேச்சுக் கொடுங்கள், தென்காசிப் பக்கத்துச் சொல்லில் பதில் வரலாம். போகாதவர்கள் இன்று ராத்திரி பரோட்டாவுக்கு நிற்கும்போது, கல்லுக்குப் பின்னால் நிற்கிறவரிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். ஊரைச் சொன்னதும் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.